வலப்பக்கம் மூன்றடி

"வலப்பக்கம் மூணடி தள்ளி நில்லுங்க சார்."

"முடியாது டைரக்டரம்மா. அப்பன் செத்த சேதி கேட்டவன் இடிஞ்சுபோய் கதவுகிட்டேயேதான் நிப்பான்."

ஒத்திகையில் நான்காவது முறையாக அதே பதில். டைரக்டர் பெண் வசனத் தாளை மூடினாள்.

"சரி சார். கதவுகிட்டேயே நில்லுங்க."

விளக்குக்காரரிடம் மட்டும் ஏதோ சொன்னாள். மேடை இருண்டது. வலப்பக்கம் மூன்றடி தள்ளி ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது.

இருட்டில் நின்று வசனம் பேச எந்த நடிகனுக்கு மனசு வரும்? இரண்டாவது வரியிலேயே அவர் வெளிச்சத்துக்கு வந்துவிட்டார். குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"இதை எங்கம்மா கத்துக்கிட்டே?"

"நம்ம நாடகப் பள்ளியில நீங்க எடுக்கிற கராத்தே வகுப்புலதான் சார். மோத வர்றவனைத் தள்ளாதே, விலகி வழி விடுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

அதுவரை நடிகராக நின்ற ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து அவளுடைய இயக்குநர் தேர்வுத் தாளை எடுத்தார். 'பிடிவாதக்கார நடிகரை நகர்த்துதல்' என்ற வரிக்கு எதிரே பத்துக்குப் பத்து போட்டார்.

"ஆனா ஒண்ணு. அவன் கதவுகிட்டேதான் நிப்பான்!"