பன்னிரண்டாவது குரல்

“நம்ம பன்னெண்டு பேர்ல யாரோ வாயை மட்டும் அசைச்சிக்கினு நிக்கிறாங்களாம். போன வருஷப் போட்டி நடுவரே எழுதிட்டாரு. ஆள் யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும். அவங்க திருப்பதிப் போட்டிக்கு மட்டுமில்ல, இனிமே நம்ம பாட்டுக் கோயருக்கே வரவேணாம்,” என்றார் கிரேஸ் அம்மாள், கீபோர்டுக்குப் பின்னாலிருந்து.

கிளமென்ட் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். சித்தூர் சபையில் இருபது வருடமாக அடிக்குரல் பாடுபவர் அவர்தான். பாட்டுக் குரல் போய் இரண்டு வருடம் ஆகிறது, பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. பக்கத்தில் தியோடர் கழுத்து நரம்பு புடைக்க நிற்பதைப் பார்த்தாலே அவருக்கு வெட்கமாக இருக்கும். நல்லவேளை, கிரேஸ் அம்மாளின் குரலுக்கு முன்னால் யார் குரலும் காதில் விழாது.

கிரேஸ் அம்மாளின் அண்ணன் மகள், கம்ப்யூட்டர் படித்த பிளெஸ்ஸி, போன வார ஒத்திகையை இருபது போனில் பதிவு செய்திருந்தாள். இப்போது லேப்டாப்பில் ஒரு வரைபடக் கோட்டைக் காட்டினாள்.

“கலந்த சத்தத்தை ஒவ்வொண்ணா பிரிக்கிற புரோகிராம் இது. எத்தினியா பிரிக்கணும்னு நாமதான் சொல்லணும். அதான் நூறு தடவை ஓட்டிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் மாறாம வந்தா நிஜம், வந்து வந்து போனா வெறும் இரைச்சல். கோடு பன்னெண்டு வரைக்கும் நிக்குது, பதிமூணுல தொபுக்குனு விழுது. அப்போ மொத்தம் பன்னெண்டு குரல்.”

பன்னிரண்டா! கிளமென்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. பாடாத தன்னையும் கர்த்தர் சேர்த்துக்கொண்டாரே!

“முதல் குரல் உங்களுது அத்தை. மூணு தடவை பாடியும் ஒரு இழை மாறல. மனுஷங்க இப்படிப் பாடமாட்டாங்க.”

“எல்லாம் பிராக்டீஸ்டி,” என்றார் கிரேஸ் அம்மாள் சுருக்கமாக.

பிளெஸ்ஸி கடைசியிலிருந்து போட்டுக்காட்டினாள். பன்னிரண்டாவது குரல் கணீரென்று தெலுங்கில் கூவியது: “பாத இனுப சாமான்லு கொண்டாம்!” தெருவில் போன, பழைய இரும்பு வாங்கும் ஆட்டோ. பதினொன்றாவது, மின்விசிறி.

இனிமேல் தாங்காது. பத்தாவது வருவதற்குள் கிளமென்ட் துள்ளி எழுந்தார்.

“நான்தான்!”

கேட்டது ஒரு குரல் இல்லை. கிரேஸ் அம்மாளைத் தவிர பதினோரு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். அந்தக் குழு ஒரே நேரத்தில் ஒரே சுருதியில் வாய் திறந்தது அன்றுதான்.

திட்டு விழப்போகிறது என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிரேஸ் அம்மாள் கீபோர்டின் பின்புறம் செருகியிருந்ததை உருவி எல்லோருக்கும் காட்டினார்.

“என்னுதும் நிஜக் குரல் இல்ல, பென்டிரைவ்தான்.”