பச்சைக் கோடு

எழுத்தில் பதில் வராவிட்டால், வீட்டை விற்க எனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வானாம் என் மகன். கொழுப்பு. என் கை நடுக்கத்துக்குப் பேனாவும் நிற்காது, கீபோர்டும் சரிப்படாது. பேசினால் கம்ப்யூட்டரே எழுதிக்கொள்ளும் சாஃப்ட்வேர் ஒன்றைக் கடையிலிருந்து ஒருவன் வந்து ஏற்றினான். மூன்று தடவை ஏற்றியும் பாதியில் நின்றுபோனது.

"ஐயா, ரூம்ல வேற யாரோ பேசிட்டிருக்காங்கன்னு காட்டுது. அவங்கள நிறுத்தச் சொல்லுங்க."

"உன்னையும் என்னையும் விட்டா இங்க எவன் இருக்கான்?"

"டிவி ஓடுதா?"

"அது செத்தே ரெண்டு வருஷமாச்சு."

ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். இருவரும் மூச்சுவிடாமல் நின்றோம். யாராவது பேசினால் மட்டும் ஆட வேண்டிய பச்சைக் கோடு, திரையில் ஆடிக்கொண்டே இருந்தது.

"மெஷின்ல கோளாறு இல்லீங்க. வீட்டுலதான்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், அரைகுறைப் பயல்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. காலி அறையைப் பார்த்துக் கத்தினேன். "எவனா இருந்தாலும் வாய மூடுடா! இது என் வீடு!"

கோடு சட்டென்று படுத்துவிட்டது. நின்றுபோன வேலை தானாக ஓடி முடிந்தது.

மைக்கை வாயருகே இழுத்து, "வீட்டை விற்க எனக்குச் சம்மதமில்லை" என்றேன். ஓர் எழுத்துகூடப் பிசகாமல் திரையில் விழுந்தது.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். பச்சைக் கோடு மறுபடி ஆடியது. என் வரிக்கு அடியில் இன்னொரு வரி வந்தது.

"எனக்கும் சம்மதமில்லை."

அழிக்கத் தெரியாமல் இல்லை. அழிக்காமல் அப்படியே மகனுக்கு அனுப்பிவிட்டேன்.