சிங்கம் போட்ட ஷூ

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, ஓட்டக் காலணி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் நான்காம் மாடிக் கூட்ட அறைக்குள், தேசிய மாரத்தான் சாம்பியன் ரப்பர் செருப்புடன் வந்தார்.

முதலாளியின் பார்வை அந்தச் செருப்பில் ஒரு கணம் தங்கியது. மார்க்கெட்டிங் மேலாளர் உடனே சமாளித்தார். "நகைக்கடைக்கு வெறுங்கழுத்தோட வர்றவங்கதான் சார் நெறைய வாங்குவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சாம்பியனும் சிரித்துவிட்டு, கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

மேசையில் ஒப்பந்தமும் பேனாவும் தயாராக இருந்தன. கணுக்கால் காயம் ஆறி அவர் மறுபடி களம் இறங்குகிறார் என்பதுதான் அடுத்த விளம்பரத்தின் கதை. அவர் கையெழுத்துப் போட்டால் மேலாளருக்கு இயக்குநர் பதவி உறுதி.

ஆனால் முதலாளி இன்னும் முழுசாக மசியவில்லை. காரணம், மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சிப் பிரிவுப் பெண். பரிசுக்காக ஓடுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர், டாக்டர் பயமுறுத்தியதால் ஓடுகிறவர்கள்தான் ஊர் முழுக்க, விளம்பரத்தில் அவர்கள் வரட்டும் என்று முந்தின வாரம் சொல்லியிருந்தாள். ஏரிக்கரைப் பூங்காவில் விடியற்காலை ஓடுகிறவர்களைத் தன் போனில் வீடியோப் படமாக எடுத்தும் கொடுத்திருந்தாள்.

மேலாளர் அந்தப் படங்களிலிருந்தே ஒரு துண்டை வெட்டி வைத்திருந்தார். அவள் விரலாலேயே அவள் கண்ணைக் குத்தும் ஏற்பாடு.

"சிங்கம் போட்டிருக்குன்னா பூனையும் வாங்கும் சார். பூனை போட்டிருக்குன்னா பூனையே வாங்காது" என்றபடி திரையை இயக்கினார்.

தூறல். தலையை மூடிய மழைக்கோட்டில் ஒரு பெண், முதுகைக் காட்டியபடி ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நடையென்றும் சொல்ல முடியாது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், அவசரமே இல்லாமல் அவளைத் தாண்டிப் போனார். கொஞ்ச தூரத்தில் அவள் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய ஒவ்வோர் அடிக்கும் 'பொத், பொத்' என்று ஒரு சத்தத்தைச் சேர்த்திருந்தார் மேலாளர்.

அறையே குலுங்கியது. முதலாளி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தம்மா ஓடுறாங்களா, ரோடு பின்னால நகருதா என்று கேட்டார். மறுபடி சிரிப்பு. சாம்பியனும் சிரித்தார், மற்றவர்களைவிடச் சற்றுத் தாமதமாக.

"இந்தம்மா நம்ம ஷூ போட்டா யாருக்கு சார் அவமானம்? நமக்குத்தான்" என்றார் மேலாளர்.

மேசைக் கடைசியில் ஆராய்ச்சிப் பிரிவுப் பெண் தலையைக் குனிந்திருந்தாள். காது மடல்கள் சிவந்திருந்தன. வெற்றி பெற்ற உற்சாகத்தில் மேலாளர் கேட்டார். "என்னம்மா, உங்க வீட்டு ஆளா?"

அவள் நிமிரவில்லை. சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. மேலாளருக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. இவளுடைய அம்மாவாக இருந்தால்? மாமியாராக இருந்தால்? தன் வீட்டில் முட்டி வலியோடு மாடிப்படி ஏறும் மனைவியின் முகம் வேறு வந்து போனது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. தெரியாம ஏதாவது..."

"எங்க வீட்டு ஆள் இல்ல சார்" என்றாள் அவள். "யாருன்னே தெரியாது. அவங்களைக் கேக்காமலே எடுத்துட்டேன். அதை இப்படிப் போட்டுச் சிரிக்கிறோமேன்னுதான்."

சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். "மழையிலயும் தினம் வந்தாங்க சார். முதல்ல அந்தக் கம்பம் வரைக்கும்கூட அவங்களால வர முடியல. நீங்க வெட்டிப் போட்ட பாக்கியில, அந்தக் கம்பத்தை விட்டுட்டு மறுபடி ஓடுறாங்க."

மேலாளருக்கு மூச்சு வந்தது. தெரிந்தவர் இல்லை, யாரோ. யாரோ என்றால் அதில் தப்பொன்றும் இல்லை. "அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, சாம்பியன் பக்கம் திரும்பினார்.

தங்க நிற ரிப்பன் கட்டிய பெட்டி ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தார். உள்ளே அவருக்காகவே செய்த ஜோடி. ஒரு தடவை போட்டுக் காட்டினால் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், கையெழுத்து அப்புறம்கூட ஆகட்டும் என்றார்.

சாம்பியன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை.

"அந்தப் படத்தை இன்னொரு தடவை போடுங்க" என்றார். "சத்தம் இல்லாம."

மேலாளர் மகிழ்ச்சியோடு போட்டார். சத்தம் இல்லாதபோது அதில் சிரிக்க எதுவும் இல்லை. மழை பெய்தது, ஒரு பெண் ஓட முயன்றாள், தள்ளுவண்டி அவளைத் தாண்டிப் போனது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

விளக்குக் கம்பம் வந்ததும் படம் நின்றது. சாம்பியன் ரிப்பன் கலையாத பெட்டியை ஒப்பந்தத்தின் மேல் வைத்து, மேலாளர் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"வேண்டாம் சார், உங்களுக்குத்தான் அவமானம். அந்தம்மா நான்தான்."