மாமல்லபுரத்தில் பெரட்டு

மாயாண்டி அண்ணன் மறுபடியும் நோட்டைத் திறந்துவிட்டார்.

"துளசி! தர்மா! கனகராஜ்!"

மூன்றாவது பேர் என்னுடையது. மாமல்லபுரத்தில் மண்டையைப் பிளக்கும் வெயில். பஸ்ஸைச் சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் வேறு வேடிக்கை பார்த்தார்கள். மானம் போனது எனக்கு. வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை.

மலேசியாவில் பீடோர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவர்தான் எங்களை வேலை வாங்கும் மண்டோர். விடியுமுன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார். பெரட்டு என்போம். அந்த நேரத்தில் ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை கிடையாது, கெஞ்சினாலும் இரங்கமாட்டார்.

தோட்டத்தை விற்று இருபது வருஷமாகிறது. ஈப்போவிலும் தெலுக் இந்தானிலும் சிதறிக் கிடந்த நாங்கள் பதினெட்டுப் பேர் ஆசை ஆசையாய்ச் சுற்றுலா வந்தால், இங்கேயும் பஸ் ஏற ஒரு பெரட்டு, இறங்க ஒரு பெரட்டு.

கோபம்தான். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் ரப்பர்ப் பால் வாசமும் பனியில் நனைந்த காலும் ஞாபகம் வந்ததை மறைக்கமாட்டேன்.

"மண்டோரே, தலைய எண்ணிட்டுப் போலாம்லா. இன்னும் எதுக்கு இந்த அதிகாரம்?" என்று கேட்டேவிட்டேன்.

பழகிப்போச்சுப்பா என்று சிரித்துவிட்டு அடுத்த பேருக்குப் போனார்.

"இருளாயி!"

பதில் இல்லை. எங்களோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய இருளாயி அக்காவைக் காணோம். அவர் மகள் புஷ்பலதாவின் முகம் வெளுத்துவிட்டது.

அவளும் நானும் கடற்கரைக் கோயில் பக்கம் ஓடினோம். பல்லவர் காலத்துக் கோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் அக்கா தன்பாட்டுக்கு அலைக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். முழங்கால் வரை தண்ணீர்.

புஷ்பலதா தொண்டை கிழிய அம்மா, அம்மா என்று கத்தினாள். அக்கா திரும்பவே இல்லை.

எங்களுக்குப் பின்னாலிருந்து மண்டோரின் குரல் வந்தது.

"இருளாயி!"

அக்கா சட்டென்று நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இருக்கேங்கய்யா" என்றபடி விறுவிறுவென்று கரையேறி, அவர் முன்னால் வந்து நின்றார்.

கடலைப் பார்த்ததும் பஸ்ஸை மறந்துவிட்டதாக அக்காவை எல்லாரும் கேலி செய்தார்கள். வண்டி கிளம்பியதும் புஷ்பலதா என் பக்கம் குனிந்தாள்.

"அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோச்சுண்ணே. என்னையவே யாருன்னு கேக்குது. மண்டோர் பேர் சொல்லிக் கூப்புட்டா மட்டும் வருது. நம்ம ஆளுங்களுக்குத் தெரிய வேணாம்னு அவருகிட்ட அழுதேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"அம்மாவ மட்டும் கூப்புட்டா கண்டுபிடிச்சிருவாங்க, பதினெட்டுப் பேரையும் கூப்புடுறேன், திட்டுனா என்னையத்தான திட்டப் போறாங்கன்னாரு."