வால் கிழிந்த மாப்பிள்ளை

சலூன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் எதிரே கண்ணாடி இல்லை. பூப்போட்ட படுக்கை விரிப்பு தொங்குகிறது. ரிட்டையர் ஆன ஸ்டேஷன் மாஸ்டருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"என்னய்யா இது, சலூனா, லாண்டரியா?"

"மீனுக்கு உடம்பு சரியில்ல சார்," என்றார் சலூன்காரர்.

அவர் வலது கையில் மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு போயிற்று. கட்டுப் பிரிக்கும் வரை கத்திரி அவர் மனைவி கையில். வீட்டில் பிள்ளைகளுக்கு வெட்டிய பழக்கம்தான் அந்த அம்மாவுக்கு. கடையைச் சாத்தினால் தெருமுக்குச் சலூன்காரன் வாடிக்கையை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்று துணிந்து இறங்கிவிட்டார்.

மீன் சங்கதி தனி. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று சலூன்காரர் ஒரு ஃபைட்டர் மீனை வாங்கி, கண்ணாடிக்கு முன்னால் தொட்டியில் விட்டிருந்தார். கருநீல உடம்பு. பட்டுச் சால்வையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவது போல ஒரு வால். அந்த மிடுக்கைப் பார்த்துத் தெருவே அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தது.

சலூனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொரு மாப்பிள்ளை. விடுமா? செவுளை விரித்துக்கொண்டு, கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை சண்டைதான். அது முறைத்த முறைப்பில் கண்ணாடியில் ரசமே உதிர்ந்தது என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

கொஞ்ச நாளில் சால்வை கந்தலாகிவிட்டது. பழி அந்த அம்மா தலையில் விழுந்தது. கை பழகுவதற்காக மீன் வாலில் வெட்டிப் பார்த்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையை விற்ற வளர்ப்பு மீன் கடைக்காரர் வந்து பார்த்து, இதில் கத்திரிக்கு வேலையே இல்லை என்றார். தன் நிழலையே எதிரி என்று நினைத்து ஓயாமல் மல்லுக்கு நிற்கிறது, அந்தப் படபடப்பில் தன் வாலைத் தானே கடித்துக்கொள்கிறது, கண்ணாடியை மூடித் தண்ணீரைச் சுத்தமாக வைத்தால் மறுபடி வளரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி வந்ததுதான் விரிப்பு. தொட்டி அதற்குப் பின்னால், கண்ணாடிப் பக்கம் ஒரு அட்டையை முட்டுக்கொடுத்து.

இவ்வளவு விளக்கியும் ஸ்டேஷன் மாஸ்டர் மசியவில்லை. மீனைத் தூக்கிப் பின்னறையில் வைக்க வேண்டியதுதானே என்றார். பின்னறை முழுக்க உடைந்த நாற்காலிகள், ஒழிக்க வேண்டும் என்றார் சலூன்காரர்.

"அப்ப மீனுக்குத்தான் மரியாதை. காசு குடுக்கற மனுஷன் கண்ணைக் கட்டிக்கிட்டு உட்காரணும். அப்படித்தானே?"

அந்த அம்மா வெட்டி முடித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், மனைவியைக் கூப்பிட்டுப் பின்னாலும் பார்க்கச் சொன்னார். குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

காதோரம் ஒரு முடி நீண்டாலும் ஓடிவருகிற ஆள். அடுத்த தடவை வந்தபோதும் விரிப்பு அப்படியே தொங்கியது. இத்தனை நாளில் மீனுக்கு வால் என்ன, தும்பிக்கையே வளர்ந்திருக்குமே என்று அவருக்குச் சந்தேகம். அந்த அம்மா வேறொருவர் தலையில் மும்முரமாக இருந்த நேரம் பார்த்து, விரிப்பின் ஓரத்தை லேசாகத் தூக்கினார்.

சீப்பு இருந்தது. பவுடர் டப்பா இருந்தது. தொட்டியைக் காணோம்.

சலூன்காரரின் நல்ல கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஜன்னலோரம் தொட்டி. மாப்பிள்ளை புது வாலை விசிறிக்கொண்டு சாவகாசமாக வலம் வந்துகொண்டிருந்தது.

"ஊரையே ஏமாத்தறியா? துணியை இப்ப எடுக்கறியா, நான் எடுக்கட்டுமா?"

"மெதுவாப் பேசுங்க சார், அவ காதுல விழுந்துடும்." சலூன்காரர் கதவைச் சாத்தினார். "மீனை எப்பவோ இங்க மாத்தியாச்சு. துணியை எடுக்கத்தான் மனசு வரலை. துணி போடறதுக்கு முன்னால, அவ முதல் முதல்ல கத்திரி பிடிச்சப்ப நாற்காலியில இருந்தது நீங்கதான். ஒவ்வொரு வெட்டுக்கும் கண்ணாடியில முகத்தைச் சுளிச்சீங்க. கை வெடவெடன்னு ஆடிப்போச்சு. வீட்டுக்கு வந்து, கடையைச் சாத்திடலாம்னு ஒரே அழுகை. மீனுக்காகத் துணி போட்டோம் பாருங்க, அன்னியிலிருந்து கை ஆடலை. மாப்பிள்ளை மிரண்டது கண்ணாடியில தெரிஞ்ச மீனைப் பாத்து. இவ மிரண்டது..."

சலூன்காரரின் பார்வை ஸ்டேஷன் மாஸ்டரின் முகத்தில் நின்றது.

ஸ்டேஷன் மாஸ்டர் தன் முகத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். கதவைத் திறந்து வெளியே வந்தார்.

நாற்காலியில் இப்போது புது ஆள் ஒருவர். கண்ணாடி இல்லாமல் என்ன கடை நடத்துகிறீர்கள் என்று அந்த அம்மாவிடம் எகிறிக்கொண்டே, விரிப்பை இழுக்கக் கையை நீட்டினார். கத்திரியைப் பிடித்திருந்த விரல்கள் லேசாக ஆடத் தொடங்கின.

"துணியைத் தொடாதீங்க," என்று அதட்டினார் ஸ்டேஷன் மாஸ்டர். "மீனுக்கு இன்னும் வால் வளரலை. இப்பத்தான் நானே பாத்துட்டு வர்றேன்."