நெஜ்லாவின் கைப்பக்குவம்

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மிளகாய் விழுதை எடுத்து இரண்டு கையிலும் பூசிக்கொண்டாள் நெஜ்லா. நகக்கண்ணிலும் கொஞ்சம் ஏற்றினாள். கிசிர் பிசைந்த கை என்றால் சிவந்திருக்க வேண்டாமா?

பிசைந்தது என்னவோ அவள் இல்லை. காலையில் பால்கனியிலிருந்து கயிறு கட்டி இறக்கிய கூடையில், மளிகைக்கடை ரிஃபத் மூடி வைத்து அனுப்பிய பாத்திரம் அது.

"யாருப்பா செய்யறது? நம்ம தெருவா?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"கேக்காதீங்கக்கா. அவங்க பேரை உங்ககிட்ட சொல்ல மாட்டேன், உங்க பேரை அவங்ககிட்ட சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்." சொல்லும்போதே ரிஃபத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கோதுமை நொய்யை வெந்நீரில் ஊறவைத்து, தக்காளி, வெள்ளரிக்காய், கீரை, மிளகாய் விழுது கலந்து, எலுமிச்சை பிழிந்து பிசைந்தால் கிசிர். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். நெஜ்லா கை பட்டால் மட்டும் களி.

போன தடவை தோழிகள் இங்கே கூடியபோது, "சுவத்துல பூசலாம் போலிருக்கே!" என்றாள் எதிர்வீட்டு பெய்ஹான். அதை இஸ்மிர் நகரம் முழுக்கச் சொல்லியும் வைத்தாள். இன்றும் மானம் போனால் நெஜ்லா இனி அந்தக் கூட்டத்தில் தலை காட்ட முடியாது.

தன் கையும் கொஞ்சம் இருக்கட்டும் என்று வெங்காயத்தாளை இரண்டு பிடி நறுக்கிப் போட்டுக் கிளறினாள்.

கணவர் ஜெவ்தெத்தைப் பற்றிக் கவலையில்லை. ரயில்வேயில் ஓய்வு பெற்றதிலிருந்து விடிந்தால் டீக்கடை, சீட்டாட்டம். சாயங்காலம் கையெல்லாம் எலுமிச்சை மணக்க வருவார். கேட்டால், "டீக்கடைக்காரன் கையில கொலோன் சென்ட்டு ஊத்தினான்" என்பார். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனுஷன் என்று முப்பது வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வருகிறாள் நெஜ்லா.

மூன்று மணிக்குத் தோழிகள் வந்தார்கள். பெய்ஹான் ஒரு வாய் வைத்தாள். பிறகு தட்டைக் கீழே வைக்கவே இல்லை.

"பொலபொலன்னு இருக்கே! உன் கைக்கு நூறு ஆயுசு, நெஜ்லா. எப்படிடி பிசைஞ்ச?"

"அவசரப்படாம பிசையணும், பெய்ஹான். அதுக்கெல்லாம் பொறுமை வேணும்." நெஜ்லா சிவந்த விரல்களை எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க உள்ளே வந்தார் ஜெவ்தெத். பெண்கள் கூட்டத்தைக் கண்டதும் பின்வாங்கினார். பெய்ஹான் விடவில்லை.

"எங்க ஓடறீங்க அண்ணே? உங்க வீட்டுக்காரி கைப்பக்குவத்தை ஒரு வாய் பாத்துட்டுப் போங்க!" என்று லெட்யூஸ் இலையில் கிசிரைச் சுருட்டி நீட்டினாள்.

"நெஜ்லா பண்ணின கிசிரா?" கிலியோடுதான் வாங்கினார். வாயில் போட்டு மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். குனிந்து தட்டை உற்றுப் பார்த்தார். சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதே மனுஷனுக்கு மறந்துபோயிற்று.

"நான் இவ்வளவு வெங்காயத்தாள் போட்டு அனுப்பலையே!"