தலைநகரத்திலிருந்து வந்தவர்

“அந்தம்மாவை அங்கே துரத்திட்டாங்களாம் சார். இல்லேன்னா பாதிச் சம்பளத்துக்கு நம்ம காலேஜுக்கு ஏன் வரணும்?”

ஆபீஸ் சூப்பிரண்டு கொளுத்திப் போட்டதும், வேதியியல் துறைத் தலைவருக்குச் சந்தேகம் தலைக்கேறிவிட்டது.

வருகிறவர் லேசுப்பட்டவரா என்ன! ஆராய்ச்சிக்கென்று அரசாங்கம் ஒதுக்குவதில் முக்கால்வாசியை வாரிக்கொள்ளும் தலைநகரப் பல்கலைக்கழகத்தில், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கே பொறுப்பாளர். இந்தச் சின்ன ஊரில் பிள்ளைகளின் கால் எலும்பு ஏன் வளைகிறது என்று கண்டுபிடிக்க, துறைத் தலைவர் ஆறு வருஷமாகக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாக அந்தக் கூடத்துக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். முடிவு வர எட்டு மாதம் ஆகும். அதுவரை ஊர் அதையேதான் குடித்துக்கொண்டிருக்கும்.

நேர்முகத் தேர்வில் நேராகவே கேட்டார்.

“அங்கே ஏதாவது மனஸ்தாபமா மேடம்?”

“அதெல்லாம் இல்ல சார்.”

நம்பவில்லை. ஆனால் தகுதியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. வேலை கொடுத்தாயிற்று.

மூன்றாம் வாரம், ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றார்.

“தப்பா நினைக்காதீங்க. ஊர் வாயை மூட முடியல. நிஜமாவே எதுக்கு அங்கிருந்து வந்தீங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் முதல்வர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“வாசல்ல லாரி நிக்குது சார்! ஏழு பெட்டி! இவங்க பேர்ல இருக்கிற ஆராய்ச்சி நிதி, கருவி எல்லாத்தையும் நம்ம காலேஜுக்கு மாத்தி ஆர்டர் வந்திருக்கு!”

துறைத் தலைவர் ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தார்.

“அந்த நிதி ஆளோட பேர்லதான் சார் வரும். ஆள் எங்கே போனாலும் கூடவே போகும்” என்றார் அந்தம்மா, கையைத் துடைத்துக்கொண்டே. “சின்ன ஊருக்கு யாரும் கிளம்பினதில்ல. அதனால அந்த விதி யாருக்கும் ஞாபகமில்ல.”

“இதை முதல்லயே சொல்லியிருந்தா, மாலை போட்டுக் கூப்பிட்டிருப்போமே!” என்றார் துறைத் தலைவர்.

“அதுக்காகத்தான் சொல்லல. பணத்துக்காகக் கிடைச்ச வேலைன்னு இருக்கக் கூடாது பாருங்க.”

“சரி, எத்தனையோ காலேஜ் இருக்கே. எங்களை ஏன் மேடம்...?”

“உங்க பாட்டில்தான் சார் காரணம். எந்தக் கிணறு, எந்தத் தேதி, அதைக் குடிக்கிற பிள்ளைங்க எத்தனை பேருன்னு ஒவ்வொண்ணுலயும் உங்க கையெழுத்துல இருக்கும். கருவி எங்ககிட்டே இருந்துச்சு. ஆனா நாட்டுலயே நல்ல ஆராய்ச்சி இங்கேதான் நடக்குதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.”